பூனைக்கு இனிப்புநீர்: ரெண்டு மிஷின், 14 மாசம், அந்த ஸ்ட்ரிப் டப்பா

இங்க மலேசியாவுல, பீடோர்ல இருக்கற என் தோழி முந்தாநாள் ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா, அழுதுகிட்டே. அவ பூனைக்கும் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதின்னு சொல்லிட்டாங்களாம், தினம் ஊசி போடணுமாம், வீட்லயே ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம், "நீ சீனி பாக்க எந்த மிஷின் வச்சிருக்க, நான் எதை வாங்கறது"ன்னு கேட்டா. போன்ல சொல்றதை விட எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு உதவும்னு தோணுச்சு. அதுவும் இல்லாம என்னோட பூனை மிஷின் ரிப்பேருக்குப் போய் 3 வாரம் கழிச்சு போன வாரந்தான் வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு, அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

எங்க செவலைக்கு 11 வயசு நடக்குது. ஆம்பளப் பூனை, சின்னதுலயே ஆபரேஷன் பண்ணியாச்சு, தடுப்பூசிக்குக் கொண்டு போனப்ப 6.8 கிலோ இருந்தான். இந்த மாதிரி ஆபரேஷன் பண்ண குண்டு ஆம்பளப் பூனைங்களுக்குத்தான் இது ஜாஸ்தியா வரும்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஆனா முதல்ல கண்டுபிடிச்சது டாக்டரும் இல்ல நானும் இல்ல, அம்மா. பாத்ரூம் வாளியில தலைய விட்டு தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தான், நாங்க வெயிலுக்குன்னு நெனச்சோம். அப்புறம் ஒரு நாள் காலையில பின்வாசல் சிமெண்டுல அவன் ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்ச்சுக் கிடந்துச்சு. அம்மா தோட்டத்து லயத்துல, அதாவது எஸ்டேட் வரிசை வீட்ல வளர்ந்தவங்க, எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் லயத்துக்குப் பின்னாடி எறும்பு வரும்னு சொல்லிட்டு, "இதுக்கும் இனிப்புநீர்தாண்டி"ன்னாங்க. நான் நம்பல. பூனைக்கு எங்கருந்து வரும்னு சொல்லி ரெண்டு வாரத்தை வீணாக்கிட்டேன். பின்னங்கால்ல குதிகால் தரையில படற மாதிரி தேய்ச்சுத் தேய்ச்சு நடக்க ஆரம்பிச்சதும்தான் சுங்கை சிப்புட்லருந்து ஈப்போவுக்குத் தூக்கிட்டு ஓடினேன். எடை 5.1. சீனி 24.6. (தமிழ்நாட்ல படிக்கறவங்க 18-ஆல பெருக்கிக்கங்க, இங்க mmol/L கணக்கு, அங்க mg/dL.)

பயந்துட்டாலே பூனைக்கு சீனி ஏறிடுமாம், காடியில அரை மணி நேரத்துக்கு மேல கத்திக்கிட்டே வந்த பூனைய பாத்து உடனே முடிவு சொல்ல முடியாதுன்னு டாக்டர் இன்னொரு ரத்த டெஸ்ட்டும் எடுத்தாங்க, ஃப்ரக்டோசமைன்னு பேரு, போன ரெண்டு வாரமா சீனி எப்படி இருந்துச்சுன்னு காட்டுமாம். அதுவும் ஏறித்தான் இருந்துச்சு. கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை 1 யூனிட், ஈர டின் சாப்பாடு மட்டும், சோறு பிஸ்கட் எல்லாம் நிறுத்தணும்னாங்க. கெம்போங் மீனும் சோறும் பிசைஞ்சு வச்சே இத்தனை வருசம் வளர்த்த அம்மாவுக்கு இதுதான் ஊசியை விட பெரிய கஷ்டமா இருந்துச்சு.

ஊசி போடறது ஒண்ணுமே இல்ல, நெசமா சொல்றேன். தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிச்சு குத்தினா அவனுக்குத் தெரியக்கூட தெரியாது, சாப்பிட்டுக்கிட்டே இருப்பான். ஒரே ஒரு விசயம் மட்டும் கவனம், யூ 100 மருந்துக்கு (ஒரு மில்லியில 100 யூனிட்) யூ 100 சிரிஞ்ச், யூ 40 மருந்துக்கு (ஒரு மில்லியில 40 யூனிட்) யூ 40 சிரிஞ்ச். யூ 100 மருந்தை யூ 40 சிரிஞ்சுல எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும், பூனை செத்துக்கூடப் போகலாம். பார்மசில அவசரத்துல மாத்திக் குடுத்தாலும் நீங்க அந்த டப்பாவைப் படிச்சுப் பாருங்க.

ரத்தம் எடுக்கறதுதான் பாடு. அதுக்குதான் மிஷின் கதை.

முதல் ரெண்டு மாசம் அம்மாவோட மிஷினையேதான் அவனுக்கும் வச்சுக்கிட்டேன். அம்மாவுக்கும் இனிப்புநீர் இருக்கு, மாத்திரை மாசாமாசம் அரசாங்க கிளினிக்ல வாங்கறாங்க, மிஷின் டவுன் பார்மசில வாங்கினது. ஸ்ட்ரிப் 50 இருக்கற டப்பா 50, 60 வெள்ளிக்குள்ள (மலேசிய ரிங்கிட்) கிடைக்கும், தீர்ந்தா மோட்டார்ல போனா அஞ்சு நிமிசம். முதல் ஒரு வாரம் காதுல குத்தினா ரத்தமே வராது, வந்தா முடியில பரவிடும், இல்லன்னா அவன் தலைய உதறி செவுரு பூரா புள்ளி. அப்புறம் கத்துக்கிட்டேன். பழைய காலுறையில ஒரு பிடி அரிசி போட்டு முடிஞ்சு, மைக்ரோவேவ்ல கொஞ்சமா சூடு பண்ணி, நம்ம கன்னத்துல வச்சுப் பாத்துட்டு அவன் காதுல ஒரு நிமிசம் பிடிக்கணும். காது ஓரமா ஒரு ரத்த நரம்பு ஓடும், அதுக்கும் விளிம்புக்கும் நடுவுல குத்தணும், பின்னால மடிச்ச டிஷ்யூ வச்சுக்கிட்டா நம்ம விரல்ல குத்தாது. குத்தினதும் அவிச்ச கோழித் துண்டு ஒண்ணு. மூணாவது வாரத்துல ஒரு நாள் ஏழு மணிக்கு நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே அவனே வந்து நாற்காலியில ஏறி காதை எனக்குக் காட்டி உக்காந்தான், நான் அழுதுட்டேன். அன்னைலருந்து இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் வர்றான். இந்த வியாதியால எனக்குக் கிடைச்ச ஒரே நல்லதுன்னா அதுதான்.

அம்மா மிஷின்ல நம்பர் அழகா இறங்குச்சு. 13, 12, அப்புறம் 10, 11-லயே நின்னுச்சு. எனக்கு சந்தோசம். ஆனா பாத்ரூம் வாளி வேற கதை சொல்லுச்சு, அவன் குடிக்கறது குறையவே இல்ல. ரெண்டாவது மாசம் திரும்ப ஃப்ரக்டோசமைன் எடுத்தப்ப ரிசல்ட் மோசம். டாக்டர் ஒரு பேப்பர்ல வட்டம் போட்டுக் காட்டினாங்க: மனுச ரத்தத்துல சீனி பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தண்ணிப் பகுதியில இருக்கும், மிச்சம் சிவப்பணுவுக்குள்ள. பூனைக்கு அப்படி இல்ல, 100-ல 93 பங்கு தண்ணியிலதான். மனுசங்களுக்குன்னு செஞ்ச மிஷின் மனுசக் கணக்கை வச்சு நம்பர் போடறதால பூனைக்குக் குறைச்சுக் காட்டும். அதுவும் ஒரே மாதிரி குறைச்சுக் காட்டாது, இத்தனை கூட்டிக்கன்னு ஒரு கணக்கும் சொல்ல முடியாது. பூனைக்கு சுமார் 15-ஐத் தாண்டினாதான் சீனி மூத்திரத்துல இறங்கும், அப்பதான் தாகம் வரும். மிஷின் 11-ன்னு சொன்னப்ப அவன் உண்மையில அந்த 15-க்கு மேலதான் இருந்திருக்கான். ரெண்டு மாசம். நான் ஒழுங்கா பாத்துக்கறேன்னு நெனச்ச ரெண்டு மாசம்.

அதுக்கப்புறம்தான் பூனைக்கும் நாய்க்கும்னே செஞ்ச மிஷினை வாங்கினேன். நல்ல மிஷின்தான், அதுல சந்தேகமே இல்ல. 0.3 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், எறும்பு தலை அளவு. ஒரே துளியில ரெண்டு மிஷினையும் வச்சுப் பாத்தேன், அம்மாது 6.2, இது 8.9. இன்னொரு நாள் அம்மாது 13.8, இது 19.5. இதை வச்சு டோஸை 2 யூனிட்டுக்குக் கூட்டி, அப்புறம் 1.5-க்குக் கொண்டு வந்தோம், தண்ணி குடிக்கறது குறைஞ்சுச்சு, நாலு மாசத்துல பின்னங்கால் நிமிர்ந்துச்சு, மதில் மேல ஏறினான். எடை 5.6. சில பூனைங்களுக்கு சீக்கிரமே கண்டுபிடிச்சு சரியா கட்டுப்படுத்தினா இன்சுலினே வேணாம்ங்கற நிலைமை வருமாம், இவனுக்கு வரல, அந்த ரெண்டு மாசம் வீணா போகாம இருந்திருந்தா வந்திருக்குமோன்னு இன்னும் மனசு அறுக்குது.

சரி. இப்ப ஸ்ட்ரிப்.

இந்த மிஷினோட ஸ்ட்ரிப் எங்க டவுன்ல ஒரு கடையிலயும் இல்ல. ஈப்போவுல கேட்டா "ஆர்டர் போடணும்". ஆன்லைன்லதான் வாங்கணும், 50 இருக்கற டப்பா அம்மா ஸ்ட்ரிப்பை விட மூணு மடங்குக்கு மேல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பாத்தாலே ஒரு டப்பா ஒரு மாசம் கூட வராது. டோஸ் மாத்தின வாரத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாள் பூரா பாத்து கிராஃப் போடணும்னாங்க, அந்த ஒரே நாள்ல ஏழு ஸ்ட்ரிப். சரி, பணம் போனா போகுதுன்னு விடுவோம். ஆனா துளி கொஞ்சம் பத்தலன்னா எரர் காட்டிட்டு நின்னுடும், உடனே இன்னொரு துளி தொட்டாலும் ஏத்துக்காது, அந்த ஸ்ட்ரிப் குப்பைக்குத்தான். அவன் தலைய ஆட்டினா ஒண்ணு போச்சு. கை நடுங்கினா ஒண்ணு போச்சு. காது இன்னும் சூடாகலன்னா ரெண்டு போச்சு. ஒவ்வொரு தடவையும் வெள்ளி கண்ணு முன்னாடி போகுது, அந்தக் கடுப்புல கை இன்னும் நடுங்குது, அந்த நடுக்கத்துல அவனும் பயப்படறான்.

இதுக்கு மேல வெயில் வேற. ஸ்ட்ரிப்பை 30 டிகிரிக்குள்ள வைக்கச் சொல்லி டப்பாவுலயே போட்டிருக்கு, மூடியைத் திறந்து வைக்காதன்னும் போட்டிருக்கு, காத்துல இருக்கற ஈரமே கெடுத்துடும். நம்ம ஊரு மத்தியானம் எத்தனை டிகிரின்னு சொல்லணுமா? ஒரு தடவை டெலிவரிக்காரர் நாங்க வீட்ல இல்லாத நேரத்துல பார்சலை கேட்டுக்கு உள்ள சிமெண்டு மேல போட்டுட்டுப் போயிட்டார், சாயங்காலம் வந்து தொட்டா தோசைக்கல் மாதிரி இருக்கு. கன்ட்ரோல் தண்ணி (ஸ்ட்ரிப் சரியா இருக்கான்னு பாக்கற தண்ணி) விட்டு டெஸ்ட் பண்ணினா டப்பாவுல போட்டிருக்கற எல்லைக்குள்ளயே நம்பர் வரல. 50 ஸ்ட்ரிப்பும் போச்சு. வித்தவங்க மாத்தித் தர மாட்டேன்னுட்டாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கலாம், சீல் உடைச்சாச்சு, வெயில்ல போட்டது அவங்க இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி அவனுக்கு சீனி பாக்க வழியில்லாம நான் உக்காந்திருந்தேனே, அந்த நியாயத்தை வச்சு என்ன பண்றது.

அப்புறம் போன மாசம் மிஷினே ஆன் ஆகல. பேட்டரி மாத்திப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. கோலாலம்பூருக்கு அனுப்பணும்னாங்க, 3 வாரம். அந்த 3 வாரமும் அம்மா மிஷின்தான் கை குடுத்துச்சு. நோட்டுல ரெண்டு பத்தி போட்டு வச்சிருக்கேன், "அ"ன்னா அம்மா மிஷின், "பூ"ன்னா பூனை மிஷின். ஒரு வருசமா அடிக்கடி ரெண்டுலயும் பாத்து எழுதி வச்சதால எங்க அம்மா மிஷின்ல இவனுக்கு 6-ன்னா சுமார் எங்க இருப்பான்னு எனக்கு ஒரு பிடி கிடைச்சிருந்துச்சு. அந்த 3 வாரத்துக்கு டோஸை மட்டும் தொடல, டாக்டர்கிட்ட சொல்லி 1.5-லயே வச்சுக்கிட்டேன். ஒரு ராத்திரி 3.1 காட்டுச்சு. குலை நடுங்கிப் போச்சு. ஊசி போடல, ஈறுல தேன் தடவினேன், டின்னைத் திறந்து வச்சேன், விடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அவன் நல்லாத்தான் இருந்தான், குறைச்சுக் காட்டற மிஷின் ஆச்சே, நெசத்துல அவ்வளவு இறங்கியிருக்காது. ஆனா நான் யோசிச்சுப் பாத்தேன், தப்பு பண்ணினாலும் இது உயிரைக் காப்பாத்தற பக்கமா தப்பு பண்ணுது. உண்மையில எறங்கி ஆபத்துல இருக்கறவனை நல்லா இருக்கான்னு சொல்லி பெரும்பாலும் ஏமாத்தாது. தள்ளாடறான், எச்சி ஒழுகுது, கண்ணு நிலைகுத்துதுன்னா எந்த மிஷினையும் தேடாதீங்க, தேனைத் தடவிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.

இப்ப தோழிக்குப் பதில். மேல எழுதினதைப் படிச்சா பூனை மிஷினை வாங்குன்னுதான் சொல்லணும், என் பூனையை நடக்க வச்சது அதுதான். ஆனா நான் சொல்லப் போறது அது இல்ல. நாளைக்குக் காலையில பீடோர் டவுன் பார்மசிக்குப் போய் சாதாரண மனுச மிஷின் ஒண்ணு வாங்கு, ஸ்ட்ரிப் ரெண்டு டப்பா சேர்த்து வாங்கு. காதுல குத்திப் பழகறதுக்கே முதல் மாசம் பாதி ஸ்ட்ரிப் வீணாகும், அது மலிவான ஸ்ட்ரிப்பா இருக்கட்டும். டாக்டர்கிட்ட "மனுச மிஷின்ல பாக்கறேன்"னு முதல் நாளே சொல்லிடு, நான் சொல்லாம விட்டதுதான் என் தப்பு. நம்பரை மட்டும் நம்பாதே, தண்ணிக் கிண்ணத்தை அளந்து வை, ஃப்ரக்டோசமைன் எடுக்கச் சொல்லு. பூனை மிஷினை அப்புறம் வாங்கு, டோஸ் கூட்டறப்ப குறைக்கறப்ப அதை எடு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஸ்ட்ரிப் தீர்ந்து போய் நீ அவனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது, எனக்கு அது மட்டும்தான் இப்ப முக்கியமா படுது.

பூனை மிஷினுக்கு இன்னும் 11 ஸ்ட்ரிப் இருக்கு, அடுத்த டப்பா வழியில இருக்கு, இந்த தடவை பக்கத்து வீட்டு ஆண்ட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், பார்சல் வந்தா உடனே உள்ள எடுத்து வைக்கச் சொல்லி. இன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு செவலை நாற்காலியில ஏறி உக்காந்துட்டான், அம்மாதான் காலுறையை சூடு பண்ணிக் கொண்டு வந்து குடுத்தாங்க. 7.4, "அ" பத்தியில எழுதியாச்சு. தோழி, பழைய காலுறை ஒண்ணு தேடி எடுத்து வை, தடிமனா இருக்கணும், அரிசி சிந்தக் கூடாது.