கன்சல்டன்ட் ஃபைலா, சொந்த நோட்டா: சின்ன ஆஸ்பத்திரிக்கு எது தாங்கும்?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் 12 படுக்கையுள்ள பிரசவ ஆஸ்பத்திரி எங்களுடையது. டாக்டர் என் மனைவி. நான் 22 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம் என்று ஊருக்கு வந்தவன். வந்த மறுமாதமே ஆஸ்பத்திரி ஃபைல்கள் என் தலையில் விழுந்தன. ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியம் என்.ஏ.பி.எச். அதன் நுழைவுநிலைச் சான்றிதழை முதல் தடவை, இந்த ஃபைல் வேலையையே தொழிலாகச் செய்யும் ஒரு கன்சல்டன்டை வைத்து வாங்கினோம். இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது நாங்களே உட்கார்ந்து செய்தோம். இரண்டு தடவையும் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அதனால் கருங்கலிலும் தக்கலையிலும் உள்ள தெரிந்த டாக்டர்கள் "எப்படிப் போகலாம் சார்?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. என் சாய்வு இரண்டாவது வழிக்குத்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் முதல் வழியிலும் வரவு இருந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தாண்டிவிடலாம். ஜே.டி. ஆபீஸில், அதாவது மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்தில் வாங்கும் மருத்துவ நிறுவனப் பதிவு சட்டக் கட்டாயம். 1997 சட்டம், 2018 விதிகள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மருத்துவக் கழிவு அனுமதி கட்டாயம். ஸ்கேன் இருந்தால் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் ஃபார்ம் எஃப், அதாவது கர்ப்பிணிகளுக்கு எடுத்த ஸ்கேன் விவரம், போயாக வேண்டும், அதுவும் கட்டாயம். இவற்றுக்குக் கன்சல்டன்ட் தேவையில்லை, தேதியை மறக்காத ஓர் ஆள் போதும். என்.ஏ.பி.எச். அப்படியில்லை, நாமாகப் போய் வாங்குவது. 50 படுக்கை வரையுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளுக்குத் தனித் தரநிலையே வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனதற்குக் காரணம் தரத்தின் மேல் வந்த திடீர்க் காதல் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2016-ல் காப்பீட்டு நிறுவனங்களின் நெட்வொர்க் ஆஸ்பத்திரிகளுக்கு இந்த மாதிரிச் சான்றிதழ் வேண்டும் என்று சொன்ன பிறகு, கையில் பணம் கட்டாமல் காப்பீட்டிலேயே கழிக்கும் கேஷ்லெஸ் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தது. அவ்வளவுதான்.

கன்சல்டன்ட் வெளியூர்க்காரர். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். 1,20,000 ரூபாய், மூன்று தவணை, நான்கு மாதம். முதல் நாள் ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்து அரை மணி நேரத்தில் எங்கள் ஓட்டைகளை எல்லாம் சொல்லிவிட்டார். பி.பி. கருவிக்கும் குழந்தை எடை பார்க்கும் தராசுக்கும் காலிப்ரேஷன் சான்று, அதாவது அளவு சரியாகக் காட்டுகிறது என்று சோதித்த சான்று, இல்லை. ஊசி குத்திக்கொண்ட நர்ஸ் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. தீயணைப்பான் இருந்தது, அதன் முன்னால் ஒரு பீரோவும் இருந்தது. அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் தனியாகக் காசு வாங்கியிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் ஆறு பெரிய ஃபைல்கள் வந்தன. பளபளப்பான அட்டை, பக்கவாட்டில் அச்சடித்த லேபிள், உள்ளே எல்லாம் ஆங்கிலம். மூன்று மாதத்துக்கு ஒரு தீயணைப்புப் பயிற்சி நடந்ததற்கு ஆதாரமாக நான்கு படங்கள் ஒட்டியிருந்தார்கள். நர்ஸ் பிள்ளைகள் ஒவ்வொரு படத்திலும் வேறு ஆளாக முன்னால் நிற்கிறார்கள், வேறு இடத்தில் நிற்கிறார்கள். பின்சுவரில் பலசரக்குக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர். நான்கு படத்திலும் ஒரே தேதி! பழைய ஆடிட் கண், அதில் போய் நின்றது. அவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, காலண்டர் தெரியாதபடி படத்தை வெட்டி ஒட்டச் சொன்னார். வெட்டி ஒட்டினோம். நானும் சேர்ந்துதான் ஒட்டினேன்.

இனி, எனக்கு முடிவெடுத்துக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். செலவோ வேகமோ அல்ல அது. ஆள் மாறுவது.

நம் மாவட்டத்தில் நர்ஸிங் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, தங்குகிற பிள்ளைகளுக்குத்தான் பஞ்சம். வருவார்கள், ஒன்றரை வருடம், இரண்டு வருடம் வேலை பார்ப்பார்கள், அனுபவச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்குக் குவைத், ஒருத்திக்கு சவுதி, இப்போது புதிதாக ஜெர்மன் மொழி வகுப்பு. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டாலே போதும், களியக்காவிளை தாண்ட அரை மணி நேரம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வீட்டுக் கடன் அப்படி. ஆனால் சான்றிதழின் ஆயுள் இரண்டு வருடம், எங்கள் நர்ஸின் ஆயுளும் கிட்டத்தட்ட அதே இரண்டு வருடம்!

கன்சல்டன்ட் பயிற்சி கொடுத்தது ஐந்து பேருக்கு. சான்றிதழ் சுவரில் ஏறி பதினாலாவது மாதம் அந்த ஐந்தில் ஒருத்திதான் மிச்சம். ஆறு ஃபைலும் அலமாரியில் அப்படியே இருந்தன. எந்த ஃபைலில் எது இருக்கிறது என்று தெரிந்தவள் ரியாத்தில் இருந்தாள். வாட்ஸ்அப்பில் அவளைக் கேட்டு ஒரு படிவத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். கூப்பிட்டால் இப்போதும் "சொல்லுங்க சார்" என்று எடுப்பாள், தங்கமான பிள்ளை. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் தரம் ரியாத்தில் இருக்கக் கூடாது இல்லையா?

அடுத்த தடவை நாமே செய்வோம் என்று முடிவெடுத்தபோது நான் வைத்த விதி ஒன்றே ஒன்று. நேற்றுச் சேர்ந்த பிள்ளை, யாரிடமும் கேட்காமல், இன்று நிரப்ப முடிகிற நோட்டு மட்டும் இருக்க வேண்டும். நிரப்ப முடியாததை ஒன்று எளிமையாக்கு, இல்லையென்றால் எடுத்துவிடு.

ஃபிரிட்ஜ் கதையைச் சொன்னால் புரியும். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின், நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்குப் போடும் ஆன்டி-டி, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி எல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆக்ஸிடோசின் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கன்சல்டன்ட் கொடுத்த படிவத்தில் காலை, மாலை, கையெழுத்து என்று மூன்று கட்டம். மாதக் கடைசியில் படிவம் ஃபைலுக்குப் போகும். புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கியபோது பழைய தாள்களைப் புரட்டினேன். 4, 4, 4, 4. இரண்டு மாதம் முழுக்க 4. வங்கியில் அறுபது நாளும் ஒரே ரொக்க இருப்பு காட்டுகிற கிளை இருந்தால் அன்றே விசாரணை வந்திருக்கும். நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். பொய் எழுதவில்லை சார் என்றாள், கண் கலங்கிவிட்டது. உண்மைதான். அது வீட்டு ஃபிரிட்ஜ். கதவில் 4 என்று எரிவது நாம் வைத்த அளவு, உள்ளே இருக்கும் வெப்பம் அல்ல. அவள் கதவில் பார்த்ததை எழுதியிருக்கிறாள். இரண்டு வருடமாக நாங்கள் எல்லோருமே கதவைத்தான் பார்த்திருக்கிறோம்.

தனித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்தோம். ஐப்பசி மழை, ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் அது 11 காட்டியது. ஓகி புயல் அடித்த 2017-ல் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனதால் இன்வெர்ட்டர் போட்டிருந்தோம். லேபர் ரூமுக்கு, ஆபரேஷன் தியேட்டர் விளக்குக்கு, ஓ.பி. மின்விசிறிக்குக்கூட லைன் இருந்தது. ஃபிரிட்ஜுக்கு இல்லை. யாரும் யோசிக்கவே இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த ஆக்ஸிடோசினை அன்றே ஒதுக்கிவிட்டுப் புதிது வரவழைத்தோம். எலெக்ட்ரீஷியன் தம்பி சாயா குடித்து முடிப்பதற்குள் லைனை மாற்றிக் கொடுத்துவிட்டான். இப்போது தெர்மாமீட்டர் நோட்டு ஃபிரிட்ஜ் கைப்பிடியிலேயே நூலில் தொங்குகிறது. ஃபைலுக்குப் போவதில்லை. 8-க்கு மேலோ 2-க்குக் கீழோ போனால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அட்டையில் தமிழில் எழுதியிருக்கிறது. கன்சல்டன்ட் ஃபைலில் இதற்கு நான்கு பக்க ஆங்கில வழிமுறை இருந்தது. அதில் தப்பே இல்லை. ஆனால் அதைப் படித்த யாரும் அந்த 11-ஐக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் இதே பாடம்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் போடும் நிறம் மாறும் பட்டையைத் தேதியோடு நோட்டில் ஒட்டுகிறோம். கறுக்காத பட்டையை ஒளித்துவைக்காமல் அதையும் ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். இதுவரை இரண்டு தடவை கறுக்கவில்லை, இரண்டு தடவையும் கேஸ்கட் கோளாறு. ஓ.பி. கூட்டமாக இருக்கிற நாளில் மீண்டும் ஒரு சுற்று ஓட்டு என்று ஒரு சின்னப் பிள்ளை டாக்டரிடமே சொல்ல வேண்டும். அதற்கு அந்தப் பட்டை தைரியம் கொடுக்கிறது.

கழிவு விஷயத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசமில்லை. எந்தக் கழிவு எந்த நிறத்தில் போக வேண்டும் என்ற மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எல்லோருக்கும் மனப்பாடம். 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பைக்கு பார்கோடு, வருட அறிக்கை ஜூன் 30-க்குள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டோம். கழிவு எடுக்கும் வண்டி வராத நாளையும் நோட்டில் எழுதுகிறோம், யாருக்குப் போன் செய்தோம் என்பதோடு. 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவை திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களில் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு கழிவு ஒப்படைத்த ரசீதை நான் பாஸ்போர்ட் மாதிரி பாதுகாக்கிறேன்.

நாங்களே செய்ததில் சொதப்பலும் உண்டு. ஏழு மாதம் ஆயிற்று, கன்சல்டன்டுக்கு நான்கு. தரநிலைப் புத்தகத்தின் ஆங்கிலம் என்னைப் பலநாள் தூங்க வைத்திருக்கிறது. காலிப்ரேஷன் தேதி தாண்டியதை நான் கவனிக்கவில்லை, என்.ஏ.பி.எச். சார்பில் சோதிக்க வந்த அசெஸர் கவனித்தார். அவர் பிடித்த இன்னொன்று எனக்கு உறைத்தது. எங்களிடம் வருகிறவர்களில் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நிறைய. இந்தப் பக்கமே மலையாளம் பேசும் வீடுகள் உண்டு, 1956 வரை எல்லாம் ஒரே ஆட்சிக்குள் கிடந்த மண். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் எங்களிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. பாறசாலையிலிருந்து வந்த ஓர் அம்மச்சி, மகளுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார். எதில் போடுகிறோம் என்று படித்தாரா என அசெஸர் கேட்டார். பதில் இல்லை. மறுவாரமே மலையாளப் படிவம் அடித்தோம். பழைய ஃபைலில் "நோயாளிக்குப் புரியும் மொழியில்" என்ற வரி இருந்தது என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

பணக் கணக்கு: என்.ஏ.பி.எச். கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான், அதை விடுங்கள். கன்சல்டன்டுக்கு 1,20,000. புதுப்பிக்க அவர் கேட்டது 70,000. நாங்கள் செலவழித்தது தெர்மாமீட்டர், நோட்டு, அட்டை, காலிப்ரேஷன் என்று 20,000-க்குள். என் ஏழு மாதத்துக்கு என்ன விலை என்று மனைவி கேட்டாள். ரப்பர் விலை கிடந்த கிடப்பில் பெரிய நஷ்டமில்லை என்றேன்.

மூன்றாவதாக ஒன்றையும் கேட்கிறார்கள்: மகப்பேறு மருத்துவர்கள் சங்கக் கூட்டமைப்பு தரும் மான்யதா என்ற தரச் சான்று. 16 மருத்துவத் தரநிலைகள், பெரும்பாலும் லேபர் ரூமுக்குள்ளேயே நிற்பவை. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை எப்படிக் கையாள்வது, பிறந்த குழந்தை மூச்சுவிடாவிட்டால் என்ன செய்வது என்று. மனைவிக்கு இதில்தான் மனம். நாகர்கோவிலில் அவளுடைய தோழி ஒருத்தி செய்திருக்கிறாள், நர்ஸ்கள் கை நன்றாகத் தேறியிருப்பதாகச் சொல்கிறாள். நாங்கள் இன்னும் செய்யவில்லை, அதனால் இதற்கு மேல் சொன்னால் கேட்ட கதையாகிவிடும்.

டாக்டர் ஒருவரே ஓ.பி.யும் பார்த்து, ராத்திரி லேபர் ரூமுக்கும் எழுந்து போகிற இடத்தில், வீட்டில் என்னைப் போல் சும்மா கிடக்கும் ஆள் ஒருவரும் இல்லையென்றால், கன்சல்டன்டே சரி. இல்லையென்றால் வேலை நடக்கவே நடக்காது. அப்படிப் போகிறவர்கள் கடைசித் தவணையை மட்டும் சான்றிதழ் வந்த அன்று கொடுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்துத் தருகிறேன் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் வந்து, கடைசியாகச் சேர்ந்த நர்ஸிடம் ஃபிரிட்ஜ் நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லட்டும். காட்டினால் பணம்.