மூட்டு எங்கே இருக்க வேண்டும்? முதலை, ஜிஜி1, இ.636: மூன்று மின்சார லோகோக்கள்

ஆறு இயங்கு அச்சுகளை (மோட்டார் சுழற்றும் சக்கர அச்சுகளை) ஒரே விறைப்பான சட்டத்தில் வரிசையாக மாட்டினால், வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உராய்ந்துகொண்டே போகும். இரண்டும் தேயும். ஆகவே எங்காவது ஒரு மூட்டு வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த மூன்று வடிவங்களும் பிரிகின்றன.

சுவிஸ் முதலை (சிஇ 6/8 இரண்டாம் வகை, 1919–22, 33 எஞ்சின்கள்) மூன்று துண்டாக இருக்கும். நடுப்பெட்டியில் டிரான்ஸ்பார்மரும் இரண்டு ஓட்டுநர் அறைகளும். முன்னும் பின்னும் நீளும் மூக்குகள் தத்தம் சட்டத்தோடு சேர்ந்தே திரும்பும். கப்ளிங்கும் பஃபரும்கூட அந்தச் சட்டங்களில்தான். ஒவ்வொரு மூக்குக்குள்ளும் இரண்டு மோட்டார். அன்றைய குறைந்த அதிர்வெண் மோட்டார்கள் சக்கரங்களுக்கு இடையே அடங்காத அளவு பெரியவை. அதனால் அவற்றை மேலே ஏற்றி, ராட் (இணைப்புத் தண்டு) வழியாகச் சக்கரத்தைச் சுழற்றினார்கள். முதலையின் பலவீனம் இங்கேதான். மோட்டார் சட்டத்தில் அசையாமல் இருக்கிறது, அச்சோ ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறது. இந்த வேறுபாட்டை ராட் அமைப்பு விழுங்கியாக வேண்டும். ஒரு பேரிங்கில் இடைவெளி கூடினாலும் சுமை மற்ற பேரிங்குகளுக்குத் தாவும், அவை சூடேறும். எண்ணெய் விடுவதில் சோம்பல் காட்டவே முடியாது. ஆனாலும் 65 கி.மீ. வேகத்தில் ஆல்ப்ஸ் மலையின் கோட்ஹார்ட் ஏற்றத்தில் சரக்கு இழுக்க இதைவிடப் பொருத்தமான வடிவம் அப்போது கிடையாது. மும்பை–புனே இடையிலான போர் காட் (Bhor Ghat) மலைப்பாதையில் ஓடிய இந்திய மின்சார எஞ்சின் டபிள்யூசிஜி-1, மராத்தியில் நண்டு என்று பெயர் வாங்கியது, இதே குடும்பம்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வேயின் ஜிஜி1 (1934–43, 139 எஞ்சின்கள்) வெளியே ஒரே உடல். மூட்டு கண்ணுக்குத் தெரியாது. கீழே இரண்டு சட்டங்கள் பந்தும் கிண்ணமுமாக இணைந்திருக்கும். அமைப்பு 2-சி+சி-2: 2 என்பது இரண்டு வழிகாட்டு அச்சுகள், சி என்பது மூன்று இயங்கு அச்சுகள், அந்தக் கூட்டல் குறிதான் மூட்டு. முனைகளில் உள்ள வழிகாட்டு சக்கரங்கள் சட்டத்தை வளைவுக்குள் மெல்லத் திருப்பிவிடுவதால் 160 கி.மீ. வேகத்திலும் ஓட்டம் நிதானமாக இருந்தது. ராட் கிடையாது: ஓர் அச்சுக்கு இரண்டு மோட்டார் வீதம் 12, மொத்தம் 4,620 குதிரைத்திறன். இதற்கு விலை எடைதான், 200 டன்னுக்கு மேல். பல பத்தாண்டுகள் உழைத்தபின் அந்தப் பிரதான சட்டங்களிலேயே விரிசல் விட்டது.

இத்தாலி இரண்டையும் விட்டு உடலையே நடுவில் வெட்டியது. இ.636-இல் (1940–62, 469 எஞ்சின்கள்) இரண்டு அரை உடல்கள். நடு போகி (உடலுக்கு அடியில் தனியாகத் திரும்பும் சக்கரச் சட்டம்) இரண்டுக்கும் பொது. மூன்று போகியிலும் இரண்டிரண்டு அச்சு, எல்லாமே இயங்குபவை. 101 டன் எடையும் ஒட்டுப்பிடிப்புக்கே பயன்படுகிறது. வழிகாட்டு சக்கரம் என்ற சும்மா சுமை இல்லை. மூன்றில் புத்திசாலித்தனமானது இதுதான் என்பேன். ஆனால் பராமரிப்பவருக்குத் தலைவலி: கேபிள், காற்றுக் குழாய் எல்லாம் அந்த வெட்டைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அவை வளைந்து நிமிர்கின்றன. கருவிகளையும் இரண்டு அறைகளுக்குப் பங்கிட்டே வைக்க முடியும்.

12 மோட்டாரும் 150 கி.மீ. வேகமும் கொண்ட இ.656 வரை, 1989 வரைக்கும், இத்தாலி இந்த வெட்டு உடலைக் கட்டியது. கூடவே வந்த இ.633-இல் மூன்று போகி அப்படியே இருக்க, உடல் மட்டும் ஒரே துண்டானது.