பழைய ஜம்போ சூசபோனா, புதிய மீரட் சூசபோனா?

எங்கள் பங்கின் பாண்ட் குழுவுக்கு சூசபோன் (உடலைச் சுற்றித் தோளில் மாட்டி ஊதும், அடிச்சுருதி தரும் பெரிய ஊதுகருவி) ஒன்று வாங்கவேண்டி வந்தபோது மூன்று வழிகள் இருந்தன: கொழும்பு வழியாக வரும், இந்தியாவின் மீரட் நகரில் செய்த புதிய தயாரிப்பு, 1960களில் பரவிய பைபர்கிளாஸ் வகை, அமெரிக்காவில் 1920, 30களில் செய்த, ஜம்போ என்கிற பெரிய பித்தளைக் கருவி. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். கனடாவில் இருக்கும் உறவினர் ஒருவர் பார்த்து வாங்கி, கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் இன்னொரு குழு வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

விலை, எடை இரண்டிலும் பேச அதிகம் இல்லை. புதியதைக் காசு கொடுத்த அன்றே தூக்கிக்கொண்டு வரலாம். பைபர்கிளாஸ் நன்றாகவே இலேசு. மெய்வல்லுநர் போட்டிக்கு வெயிலில் அணிநடை போகும் பெடியனின் தோளுக்கு அது பெரிய ஆறுதல். பழைய பித்தளை பதினைந்து கிலோ அளவில் வரும், சில அதற்கும் மேல்.

ஆனால் ஒலி வேறு. ஒலிபெருக்கி அரிதாக இருந்த காலத்தில், திறந்த வெளியில் ஒரு பெரிய குழுவையே தாங்குவதற்காகச் செய்தவை இவை. குழாயை அகலமாக்கினார்கள், பெல் எனப்படும் விரிந்த வாயை 26 அங்குலமும் அதற்கு மேலுமாக விரித்தார்கள். இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் கான், மார்ட்டின் போன்ற நிறுவனங்கள் இதில் போட்டி போட்டன. மார்ட்டின் தன் பெரிய கருவிக்கு வைத்த பெயரே மாமத். 1930களில் வந்த கான் 20கே இன்றும் பலர் தேடுவது. திருச்சொரூப பவனியில் குழு ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகும் எங்கள் கருவியின் அடிச்சுருதி பின்வரிசை வரை கேட்கிறது. சின்னக் கருவியில் எவ்வளவு ஊதினாலும் அந்த அகலம் வராது.

இருந்தாலும் ஒலியை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தது விரலால் அழுத்திச் சுரத்தை மாற்றும் வால்வுதான். சூசபோனில் மற்ற எல்லாவற்றையும் இங்கேயே சரிக்கட்டலாம். நெளிந்த குழாயைப் பித்தளைப் பாத்திர வேலை தெரிந்தவர் எடுப்பார். நெளிவை எடுக்க உள்ளே உருட்டுவதற்கு, அளவளவாக இரும்புக் குண்டுகள் பழைய பேரிங்குகளில் கிடைக்கும். விட்டுப்போன குழாய் மூட்டுகளை மென்பற்றாசால் ஒட்டலாம். வெப்பத்தில் மட்டும் கவனம் வேண்டும்: நகைவேலைக்குப் போல ஊதி எரித்தால் பக்கத்து மூட்டுகளும் கழன்றுவிடும். ஆனால் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் அதன் உறையும் தேய்ந்துபோனால் இங்கே செய்ய எதுவுமில்லை. இரண்டுக்கும் இடையில் இருக்கவேண்டிய இடைவெளி மயிரிழையிலும் குறைவு. தேய்ந்த பிஸ்டனுக்கு மறுபடி முலாம் ஏற்றி, அதே உறைக்குள் தேய்த்துப் பொருத்தவேண்டும். அந்த வேலைக்கு வால்வுத் தொகுதியை மட்டும் கழற்றி வெளிநாட்டுக்கு அனுப்பலாம்தான், ஆனால் அந்தச் செலவில் கருவி மலிவு என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

அதனால் வாங்குமுன் உறவினரை வீடியோ அழைப்பில் வைத்து வால்வைத்தான் பார்த்தேன். மேல்மூடியைக் கழற்றி ஒவ்வொரு பிஸ்டனையும் வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். வெள்ளையாக நிக்கல் முழுதாக இருந்தால் நல்லது; நடுவே மஞ்சளாகவோ செம்பாகவோ கோடு தெரிந்தால் முலாம் போய்விட்டது. பிறகு எண்ணெய் விட்டு, வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுத்து நீட்டக்கூடிய குழாயை) வெளியே இழுத்துப் பிடித்து, கொஞ்சம் பொறுத்து வால்வை அழுத்தச் சொன்னேன். 'பொப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை என்று அர்த்தம். மூன்றிலும் வந்தது. வெளியே அங்கங்கே நெளிந்து கறுத்துக் கிடந்த அந்தக் கருவியை நம்பி எடுக்க அது போதுமாக இருந்தது.

நான் கையில் எடுத்துப் பார்த்த மலிவான மீரட் கருவிகளில் தளம்பல் இங்கேதான். வெளியே பளபளப்பு, உள்ளே உறை சரியாக மெருகேறவில்லை. பிஸ்டன் இறங்கினால் ஏற யோசிக்கிறது. மீரட்டில் நல்ல வேலைக்காரர்களும் உண்டு, விலை கூடிய கருவிகளை நான் ஊதிப் பார்த்ததில்லை. அந்த விலைக்குப் போகக் கூடியவர்கள் முதலில் வால்வைச் சோதித்துவிட்டு என் பேச்சைத் தள்ளிவிடலாம்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். கருவியின் அடிப்படைச் சுரம் பி பிளாட்டா, ஈ பிளாட்டா? ஈ பிளாட் சிறியது. ஜம்போவைத் தேடுகிறவருக்கு வேண்டிய பி பிளாட்டில் குழாய் ஏறத்தாழ 18 அடி. அடுத்தது சுருதி. அந்நாளில் உயர்சுருதி, தாழ்சுருதி என்று இரண்டு வழக்கில் இருந்தன. உயர்சுருதிக் கருவி இன்றைய பொதுச் சுருதியான ஏ 440க்குக் கிட்டத்தட்ட அரைச்சுருதி மேலே நிற்கும், குழுவோடு சேராது.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று சில சங்கடங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர். கேத்திலில் படியும் அதே வெள்ளை வால்வுக்குள்ளும் படியும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர்தான். அப்புறம், பித்தளை என்றதும் பழப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். புளி மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தைத் தின்று இளஞ்சிவப்பாக்கிவிடும். அதைப் பார்த்து உண்மையான துத்தநாக அரிப்பு என்று பயப்படுவோரும் உண்டு. பொதுவாகப் புளியின் சிவப்பு பரவலாக இருக்கும், தேய்த்தால் போகும். உள்ளிருந்து வரும் அரிப்பு புள்ளி புள்ளியாகத் தெரியும், தேய்த்தாலும் திரும்பி வரும். எச்சிலின் ஈரம் நெடுநாள் தங்கிய இடங்களில்தான் அதைத் தேடவேண்டும், முக்கியமாக மவுத்பீஸுக்குக் கிட்டிய குழாயில். அந்தக் குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காக முழுக் கருவியை ஒதுக்கவேண்டாம். வெள்ளி முலாம் போட்டது கிடைத்தால் உப்புக்காற்றுக்கு அது நல்ல காவல், ஆனால் மெருகு மருந்தை அடிக்கடி போட்டுத் தேய்த்து அந்த வெள்ளியைக் கரைத்துவிடக் கூடாது.

பைபர்கிளாஸை நான் மற்றவர்களின் தோளில்தான் பார்த்திருக்கிறேன். நெளியாது, ஆனால் வெடிப்பு விழும். பழுது பார்க்க வள்ளம் செய்யும் இடங்களில் பசையும் துணியும் கிடைப்பது நம் கரையில் நல்ல வசதி. வால்வு அதிலும் பித்தளைதான், சோதனையும் அதேதான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மட்டும் ஊதும் பள்ளிக்கூடக் குழு என்றால் ஜம்போவை நானே வேண்டாம் என்பேன். அந்த அகலக் குழாயை நிரப்பும் மூச்சு அந்த வயதில் இல்லை.

பெரியவர்கள் ஊதும் குழு என்றால் பழையதைத் தேடுங்கள். பெட்டி கட்டுமுன் பெல்லின் திருகாணிகளும், கழுத்துக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே வரும் பிட் என்கிற இரண்டு சின்ன இணைப்புக் குழாய்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பழைய சூசபோன்களில் முதலில் தொலைவது அவைதான். வேறு நிறுவனத்தின் பெல் பெரும்பாலும் கழுத்துவளையத்தில் உட்காராது, ஆகவே உடலும் பெல்லும் ஒரே நிறுவனமா என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.