சமூகப்பணி வகுப்பறைக்கு எந்தக் கருவிகள் உழைக்கின்றன?

முதுகலைச் சமூகப்பணி மாணவர்கள் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாட்களைக் களத்தில் கழிப்பவர்கள். இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் தொடங்கிய காலம்தொட்டு, களப்பணி இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. ஆகவே, இந்தத் துறையின் வகுப்பறைக்குக் கருவி வாங்கும்போது அது ஆசிரியருக்கு எவ்வளவு வசதி என்பதை மட்டும் பார்த்தால் போதாது. தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளரும் மகளிர் குழுவின் தலைவியும் அதன் வழியாக எவ்வளவு எளிதாக வகுப்புக்குள் வந்து பேச முடிகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எங்கள் துறை வாங்கியவற்றை ஒரு கல்வியாண்டு முழுவதும் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தேன். செலவில் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட தொடுதிரை பயன்பாட்டில் பின்தங்கிவிட்டது. கட்டணமில்லாத ஒரு மென்பொருளும் மேசையில் வைக்கும் ஓர் ஒலிவாங்கியுமே அதிகம் உழைத்தன.

களத்தில் கேள்விப் படிவங்கள் வழியாகத் தகவல் திரட்ட உதவும் அந்த மென்பொருளின் பெயர் கோபோ டூல்பாக்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய உதவி ஆய்வுப் பிரிவில் வளர்ந்த திறந்த மூல மென்பொருளான இதை, இலாப நோக்கற்ற அமைப்புகள் பதிவுகளுக்கும் சேமிப்பிடத்துக்கும் உள்ள வரம்புக்கு உட்பட்டுக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இதன் ஆண்ட்ராய்டு செயலியில், இணையம் கிடைக்கும் இடத்திலேயே படிவத்தை இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் எட்டாத மலைக் கிராமத்திலும் நேர்காணலை முடித்துவிட்டு, பேருந்து நிலையத்துக்கு வந்த பிறகு பதிவுகளை அனுப்பிவிடலாம். ஐபோன் வைத்திருப்பவர் அதே படிவத்தை உலாவியில் திறந்து நிரப்பலாம். ஒரே படிவத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால், கேள்வியை ஒவ்வொரு மாணவரும் தத்தம் மனம்போன போக்கில் மொழிபெயர்த்துக் கேட்கும் பழைய சிக்கல் குறைந்திருக்கிறது. வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், அடையாள அட்டை, மாத உதவித்தொகை பற்றிய கேள்விகள் திரைக்கே வராதபடி அமைக்கலாம். காகிதப் படிவத்தில் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்க மறந்துபோகும் முதலாண்டு மாணவருக்கு இது உண்மையான விடுதலை.

எனினும், என்னை மிகவும் கவர்ந்தது அதில் உள்ள உரிமைப் பகிர்வுதான். பதிவுகளைப் பார்க்க மட்டும், சேர்க்க மட்டும், திருத்தவும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுமதி வழங்க முடிகிறது. இதை வைத்து நாங்கள் ஒரு முறையை வகுத்துக்கொண்டோம்: ஆய்வுத் திட்டம் மாணவர்கள் களப்பணி செய்யும் நிறுவனத்தின் கணக்கில்தான் உருவாக்கப்பட வேண்டும், மாணவர்கள் அதில் தகவல் சேர்ப்பவர்களாக மட்டுமே இணைவார்கள். கல்லூரியின் கணக்கில் திரட்டினால், ஏப்ரலில் மாணவர் விடைபெற்றதும் அந்த ஊரின் விவரங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக நூலக அலமாரிக்குப் போய்விடும்; தகவல் தந்த மக்களுக்கும் நிறுவனத்துக்கும் எதுவும் மிஞ்சாது. இப்போது நிறுவனப் பணியாளரே எக்செல் கோப்பாக இறக்கி, ஊராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் அதைச் சேர்க்கிறார். கூட்டாண்மை என்று நாம் ஒப்பந்தங்களில் எழுதுவதற்கு இதைவிடத் தெளிவான பொருளை நான் கண்டதில்லை. இதில் குறையும் உண்டு. சிக்கலான படிவங்களை எக்செல் வழியாக அமைக்கப் பழகுவதற்கு நாளாகும். உதவிக் கட்டுரைகள் தமிழில் இல்லாததால், மூத்த களப்பணியாளர்கள் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது.

அடுத்தது, நிறுவனத்தார் இணையவழியில் வகுப்பில் இணையும்போது தேவைப்படும் ஒலி. கருவிகளை அமைத்துக் கொடுத்தவர்கள் திரைக்கு மேலே பொருத்திய கேமராவின் ஒலிவாங்கியே போதும் என்றார்கள். ஆனால், இரண்டாம் வரிசைக்குப் பின்னால் இருந்து மாணவர் கேட்ட கேள்வி மறுமுனைக்கு எட்டவில்லை. மின்விசிறியின் இரைச்சல்தான் தெளிவாக எட்டியது. களப்பணி நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஒருவர் வேலைக்கு நடுவே அரை மணி நேரம் ஒதுக்கிக் குழுக் கலந்துரையாடலில் இணையும்போது, “கேட்குதாம்மா, கேட்குதாம்மா” என்றே அந்த நேரம் கரைவது அவரை அவமதிப்பதற்குச் சமம். நடு மேசையில் வைக்கும், சுற்றிலும் பேசுவதை வாங்கும் ஸ்பீக்கர்போன் ஒன்றைத் தனியாக வாங்கி, அந்த நேரத்துக்கு மட்டும் மேசைக்கு மேலிருக்கும் மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் உரையாடல் உரையாடலாயிற்று.

தொடுதிரையில் காணொளியும் படவில்லைகளும் நன்றாகத் தெரிகின்றன. அந்த வேலையைச் சாதாரண புரொஜெக்டரும் செய்யும். அதே அறைக்கு வாங்கிய ஆவணக் கேமராவை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். ஊர் மக்களே தங்கள் ஊரின் நிலையை மதிப்பிடும் பங்கேற்பு முறை மதிப்பீட்டில், ஊரின் வளங்களைக் காட்டி ஊர்ப் பெண்கள் சார்ட் தாளில் வரைந்த வரைபடத்தை அதன் கீழே வைத்தால், குடிநீர்க் குழாய்க்கும் தெருவின் கடைசி வீட்டுக்கும் இடையே அவர்கள் பென்சிலால் போட்ட புள்ளிக்கோடுகூட மறுமுனையில் இருக்கும் நிறுவனத்தாருக்குத் தெரிகிறது. அதைப் பார்த்து அவர்கள் அங்கிருந்தே திருத்தமும் சொல்கிறார்கள்.

இவற்றை வாங்கும் துறைகள் கொள்முதல் குழுவில் முன்கூட்டியே பேச வேண்டிய ஒன்று, அந்தரங்கப் பாதுகாப்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவும் போக்சோ சட்டம் 2012இன் 23ஆம் பிரிவும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. கோபோவில் நேர்காணலைப் பின்னணியில் ஒலிப்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பேசுபவரிடம் விளக்கி ஒப்புதல் பெறாமல் அதை ஒருபோதும் இயக்கக் கூடாது. குழந்தைகள் இல்லங்களில் பணியாற்றும் மாணவர்கள் படிவத்தில் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண்ணையே எழுத வேண்டும் என்றும், புகைப்படக் கேள்வியே இடம்பெறக் கூடாது என்றும் நாங்கள் விதித்திருக்கிறோம். தனிநபர் ஆய்வு விவரங்களை வகுப்பின் பெரிய திரையில் காட்டுவதையும் நிறுத்திவிட்டோம்.

துறைக்கு இரண்டாவது தொடுதிரை வேண்டும் என்ற முன்மொழிவு வந்தபோது நான் அதை ஏற்கவில்லை. அந்தத் தொகையில் சில ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளும், மின்தடையில் வகுப்பு அறுபடாமலிருக்க ஒரு யு.பி.எஸ்.ஸும், களப்பணியாளர்கள் கல்லூரிக்கு வந்து படிவம் அமைக்கப் பழகும் நாட்களுக்கான பயணப்படியும் கேட்டு எழுதியிருக்கிறேன்.