தொழில்முனைவுக் கல்வி: கட்டாயத் தாளா, களப் பயிற்சியா?

காவிரிப் படுகைக் கல்லூரிகள் தொழில்முனைவைக் கற்பிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லாத் துறை மாணவர்களும் எழுதியாக வேண்டிய கட்டாயத் தாள். மற்றொன்று, விருப்பமுள்ள சிலரைச் சேர்த்து, ஒரு பொருளைச் செய்து விற்க வைக்கும் களப் பயிற்சி.

கட்டாயத் தாளுக்குச் செலவு குறைவு. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உள்ள கலைக் கல்லூரி, இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே அதை நடத்திவிடலாம். பலன்தான் பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறானது. ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கட்டாயப் பாடத்தைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில், பாடம் முடிந்தபின் தொழில் தொடங்கும் எண்ணம் சற்றுக் குறைந்தே காணப்பட்டது; ஆனால் தனக்கு இது ஒத்துவருமா என்ற தெளிவு பலருக்குக் கிடைத்தது. கடன் வாங்கிய பிறகு வரும் தெளிவைவிட இது மலிவு என்பதால் இதைத் தோல்வியாக நான் கருதவில்லை. அந்தத் தெளிவுக்கு ஒரு முழுப் பருவம் தேவையில்லை என்பதே என் மனக்குறை.

இனி களப் பயிற்சிக்கு வருவோம். துனிசியாவில் இறுதியாண்டு மாணவர்கள் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாகத் தொழில்திட்டம் தயாரிக்கலாம் என்று வைத்து, பயிற்சியும் வழிகாட்டுதலும் தந்தார்கள். சுயதொழிலில் இறங்கியோர் கூடினார்கள். ஆனால் சில சதவீதப் புள்ளிகள்தான், மொத்த வேலைவாய்ப்பும் உயரவில்லை. களப் பயிற்சியைப் புகழ்வோர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியிருந்தும் படுகைக்குக் களப் பயிற்சியே பொருந்தும் என்பேன். காரணம் நெல். மாப்பிள்ளைச் சம்பாவில் அவல் இடித்து விற்க நினைப்பவர், ஆண்டு முழுவதற்குமான நெல்லைத் தை, மாசி அறுவடையிலேயே வாங்கி, ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டாமல் காயவைத்து, அந்துப்பூச்சி விழாமல் அடுக்கியாக வேண்டும். போட்ட பணமோ பாக்கெட் பாக்கெட்டாகத்தான் திரும்பும். நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை நடத்தத் தேவைப்படும் பணம், பற்றிய இரண்டு மதிப்பெண் வினாவுக்குச் சரியாக விடை எழுதியவருக்கும், களத்துமேட்டில் மூட்டைக்குப் பணம் எண்ணித் தரும்போதுதான் அதன் கனம் தெரியும்.

உதவிக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று நிஃப்டெம் என்று அறியப்படும் தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் தொழில் காப்பகமும் உணவுப் பரிசோதனைக் கூடமும் இருக்கின்றன. ஆனால் அங்கே எல்லோருக்கும் இடம் கிடைக்காது. ஆகவே கட்டாயத் தாளைச் சில வார அறிமுகமாகச் சுருக்கி, அதில் தேறி விரும்பி வருவோரை மட்டும் களப் பயிற்சிக்கு எடுக்கலாம். அந்தப் பயிற்சி, சம்பா அறுவடையோடு ஒத்துவரும் இரண்டாம் பருவத்தில் நடக்க வேண்டும்; மதிப்பெண்ணைத் திட்ட அறிக்கைக்குத் தராமல், மாணவர் எழுதிவைத்த வரவு செலவு நோட்டுக்குத் தர வேண்டும்.