ஓடும்போது அணையும் காருக்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர்

எந்நேரமும் மக்கர் பண்ணும் வண்டியைச் சரிசெய்துவிடலாம். எப்போதாவது ஓட்டத்தில் அணைந்து, கொஞ்சம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும் வண்டிதான் உயிரை வாங்கும். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் சமர்த்தாக ஓடும். என் கார் அந்த ரகம். அதற்காகத்தான் இஎல்எம்327 வகை ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (காரின் பழுதுகளைப் படிப்பதற்கான இணைப்பு) செருகி, போனில் செயலியை இணைத்தால் போதும்.

எரர் கோட் மட்டும் பார்க்க வாங்கினால் ஏமாற்றம்தான். கண நேரம் வந்து போகும் பழுதை ஈசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, பல சமயம் பதிவே செய்வதில்லை; எனக்கும் ஒரு கோட்கூட வரவில்லை. இதன் அருமை நேரடி அளவுகளைப் பதிவுசெய்து வைப்பதில் இருக்கிறது. ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு), வேகம் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, பதிவை ஓடவிட்டு, போனைத் தொடாமல் வழக்கம்போல ஓட்டினேன். நிறைய அளவுகளை ஒரே சமயத்தில் கேட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் வருகிறது. பழைய கார்களில் இன்னும் மோசம். அதனால் இரண்டே போதும் என்று வைத்துக்கொண்டேன்.

மாட்டியது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது அணைந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வரைபடத்தைத் திறந்தேன். வேகம் 40ல் இருக்கிறது. ஆர்பிஎம் மட்டும் செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்திருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கவில்லை, வண்டியும் கியரில்தான் இருக்கிறது. சக்கரம் உருளும்வரை எஞ்சின் சுற்றியே ஆகவேண்டும். அப்படியானால் எஞ்சின் சுற்றுவது நிற்கவில்லை, அது சுற்றுவது ஈசியுவுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அந்தத் தகவலைச் சொல்வது கிராங்க் சென்சார். பெட்ரோல் வராமல் அணைந்திருந்தால், ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே இறங்கியிருக்கும். மெயின் ரிலே அல்லது சாவி சுவிட்ச் காலை வாரியிருந்தால், ஈசியுவே பதில் சொல்லாமல் எல்லா அளவுகளும் ஒரேயடியாக நின்றிருக்கும்.

அதுவரை பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்த மெக்கானிக் இந்தப் படத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். சரி, சென்சாரா அதன் வயரா? முதலில் இணைப்பியைக் கழற்றிப் பின்களைப் பார்த்தார், வயரை ஆட்டிப் பார்த்தார். இரண்டிலும் பிரச்சினை இல்லை. அப்புறம் சென்சாரை ஹீட் கன்னால் சூடாக்கியதும் எஞ்சின் அணைந்தது, ஆறியதும் ஸ்டார்ட் ஆனது. சென்சாரை மாற்றிய பிறகு தொல்லை இல்லை.

குறைகளும் உண்டு. கூட வரும் கையேடு குப்பை. சாக்கெட்டில் தளர்வாக உட்கார்ந்து முழங்காலில் இடிக்கிறது. பெட்ரோல் அழுத்தத்தை என் காரில் காட்டவில்லை. அந்த அளவுக்கான சென்சாரே பல கார்களில் கிடையாது, கேஜ் வைத்துத்தான் பார்க்கவேண்டும். சாவியை எடுத்த பிறகும் 16வது பின்னில் பேட்டரி மின்சாரம் இருப்பதால், நாள்கணக்கில் செருகியே விட்டால் பேட்டரி இறங்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய ப்ளூடூத் வகையை வாங்கவேண்டாம், இணையாது. வைஃபை அல்லது பிஎல்இ (ப்ளூடூத் லோ எனர்ஜி) என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.