ஜேன் ஃபாண்டாவின் உடற்பயிற்சி வீடியோ: பயிற்சிக்கு மூன்று நட்சத்திரம், உண்டியலுக்கு ஐந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புதுச் சரக்கு இல்லை. 1982-ல் அமெரிக்காவில் வீடியோ கேசட்டாக வந்து, பிறகு டிவிடியாகி, இப்போது இணையத்திலும் கிடைக்கிற 'ஜேன் ஃபாண்டாஸ் வொர்க்கவுட்'. மூன்று வாரமாக ஹாலில் டீப்பாயை ஓரங்கட்டிவிட்டு இதைச் செய்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கு யூடியூபில் இலவசமாக ஆயிரம் பயிற்சி வீடியோ இருக்கும்போது நாற்பது வருஷத்துக்கு முந்தைய இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் உடம்பு இளைக்க மட்டும் இதை எடுக்கவில்லை, ஜேன் ஃபாண்டா என்ற ஹாலிவுட் நடிகை தன் அரசியலுக்குப் பணம் திரட்டிய வழி எப்படி இருந்தது என்று பார்க்கிற ஆசையும் இருந்தது.

சரி, சரக்கைப் பார்ப்போம். இரண்டு பகுதி. முதல் அரை மணி நேரம் புதியவர்களுக்கு, இரண்டாவது அதைவிட நீளம், ஏற்கெனவே உடம்பு வளைகிறவர்களுக்கு. கை, இடுப்பு, வயிறு, தொடை, பின்பக்கம் என்று உறுப்பு உறுப்பாக வேலை வாங்குகிறார். கோடு போட்ட லியோடார்ட் (உடம்போடு ஒட்டிய பயிற்சி உடை), கணுக்காலில் கம்பளி உறை, பின்னால் ஒரு கூட்டம், நடுநடுவே அவர்கள் போடும் உற்சாகக் கூச்சல். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது நாள் அந்தக் கூச்சலுக்காகவே காத்திருந்தேன், ஏனென்றால் காலைத் தூக்கி இறக்கும் பகுதியில் எண்ணிக்கை முடிகிற மாதிரியே தெரியாது, யாராவது கூடச் சேர்ந்து கத்தினால்தான் தாங்கும். எரிச்சல் தெரிய வேண்டும், அது வரைக்கும் விடாதே என்கிறார். தொடை எரிகிறது, அதில் பொய் இல்லை.

குறை? இருக்கிறது. தசையை நீட்டும்போது துள்ளித் துள்ளி இழுக்கிற பழக்கம் அந்தக் காலத்தது, அசையாமல் மெதுவாக நீட்டிப் பிடிப்பதுதான் நல்லது என்று பிற்பாடு பயிற்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். அவரே அடுத்தடுத்து வெளியிட்ட வீடியோக்களில் முறையை மாற்றிக்கொண்டார். இதயத் துடிப்பை ஏற்றுகிற வேலை இதில் கம்மி. முட்டிவலிக்காரர்கள் இரண்டாம் பகுதிப் பக்கமே போக வேண்டாம். அதனால்தான் பயிற்சிக்கு மூன்று நட்சத்திரம், அதுகூடக் கொஞ்சம் பாசத்தில் போட்டது.

இதை எடுத்தபோது அவருக்கு 44 வயது, கையில் ஏற்கெனவே இரண்டு ஆஸ்கர். 1971-ல் வந்த 'க்ளூட்' படத்துக்கு ஒன்று, 1978-ல் வந்த 'கமிங் ஹோம்' படத்துக்கு ஒன்று. இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் கேமரா முன்னால் தரையில் படுத்துக் காலைத் தூக்குவதா என்று அவருக்கே தயக்கம். நடிகை என்கிற மதிப்பு போய்விடும் என்று முதலில் மறுத்திருக்கிறார். வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கிற கருவிகூட அவரிடம் இல்லையாம்! ஸ்டூவர்ட் கார்ல் என்ற வீடியோ வியாபாரி விடாமல் துரத்தித்தான் இது நடந்தது. கேசட் விலை ஏறக்குறைய 60 டாலர், அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. அதுவரை சினிமா கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம், சொந்தமாக வாங்குகிறவர் குறைவு. இதுவோ தினமும் போட்டுச் செய்ய வேண்டியது, வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படி ஆகாது. இந்தக் கேசட்டுக்காகவே வீட்டுக்குக் கருவி வாங்கியவர்கள் உண்டு. இந்த வரிசையில் வந்த வீடியோக்கள் மொத்தமாக ஒரு கோடியே எழுபது லட்சம் விற்றன என்கிறார்கள்.

அந்தப் பணம் எங்கே போனது? இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 1973-ல் அவர் கல்யாணம் செய்துகொண்ட டாம் ஹைடன், வியட்நாம் போர் எதிர்ப்பில் முன்னணியில் நின்ற ஆள். இருவரும் கலிஃபோர்னியாவில் 'பொருளாதார ஜனநாயகத்துக்கான இயக்கம்' என்று ஒன்றை நடத்தினார்கள். வீட்டு வாடகைக் கட்டுப்பாடு, சூரிய மின்சாரம், அணு உலை எதிர்ப்பு, இதெல்லாம் அவர்கள் கையில் எடுத்த விஷயங்கள். இயக்கம் நடத்தப் பணம் வேண்டும், நன்கொடை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, ஏதாவது தொழில் செய்து அதில் வருகிற லாபத்தைப் போடலாம் என்று யோசித்தார்கள். உணவகம் வைக்கலாமா, கார் பழுது பார்க்கும் கடை போடலாமா என்றெல்லாம் பேச்சு ஓடியதாம். அப்புறம்தான் உடற்பயிற்சி நினைவுக்கு வந்தது.

அதற்கும் ஒரு கதை உண்டு. 'தி சைனா சிண்ட்ரோம்' படப்பிடிப்பில் அவருக்குக் காலில் எலும்பு முறிந்தது. பல வருஷமாகச் செய்துவந்த பாலே நடனத்தை அப்புறம் செய்ய முடியவில்லை. அடுத்த படத்துக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டுமே என்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். அங்கே பிடித்துப்போனதுதான் 1979-ல் பெவர்லி ஹில்ஸில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் ஆனது, 1981-ல் புத்தகம் ஆனது, மறு வருஷம் கேசட் ஆனது. காலை உடைத்த அந்தப் படம் அணு உலை விபத்தைப் பற்றியது. 1979 மார்ச் 16-ல் வெளியானது. பன்னிரண்டே நாளில் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நிஜமாகவே விபத்து.

இன்னொரு வேடிக்கை. 1972 ஜூலையில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எதிரி நாடான வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு அவர் போனார், அமெரிக்கக் குண்டுவீச்சில் சேதமான அணைக்கட்டுகளைப் பார்த்தார், அங்கிருந்து வானொலியில் பேசினார். கடைசியில் ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியில் உட்கார்ந்து சிரித்தபடி எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. 'ஹனோய் ஜேன்' என்று பெயர் வைத்தார்கள். துரோகி என்றார்கள், அவர் முகத்தை அச்சிட்டு ஆண்கள் கழிப்பறைத் தொட்டியில் ஒட்டுகிற அளவுக்கு வெறுப்பு. பீரங்கியில் உட்கார்ந்ததற்காக 1988-ல் தொலைக்காட்சியிலேயே மன்னிப்புக் கேட்டார், அதற்கப்புறமும் பல முறை கேட்டிருக்கிறார். ஆனால் வியட்நாம் போனதற்காக வருந்தியதில்லை. என் அபிப்பிராயம், அந்தப் பீரங்கி விஷயம் வெறும் புத்தியில்லாத வேலை, கீழே இருந்து அதை இயக்கியவர்கள் சுட்டு வீழ்த்தியது தன் ஊர்ப் பையன்களை என்று அந்த நிமிஷம் தோன்றவில்லையே. போனதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. விஷயம் அது இல்லை. அவரைத் திட்டிய அதே நாட்டில், திட்டிய வீடுகளிலேயே எத்தனை பேர் பத்து வருஷம் கழித்து இந்தக் கேசட்டைப் போட்டுக் காலைத் தூக்கி இறக்கியிருப்பார்கள்! வயிறு குறைய 60 டாலர் கொடுத்தார்கள், அதில் ஒரு பங்கு இடதுசாரி இயக்கத்துக்குப் போனது. 1982-லேயே ஹைடன் கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குத் தேர்வானார். இதைவிடக் கெட்டிக்கார உண்டியலை நான் பார்த்ததில்லை.

படங்களிலும் இதே தந்திரம்தான். தன் தயாரிப்பு நிறுவனத்துக்கு 'ஐபிசி' என்று பெயர், போர் எதிர்ப்புக்காக நடத்திய 'இந்தோசீன அமைதிப் பிரசாரம்' என்ற அமைப்பின் முதலெழுத்துகள் அவை. அலுவலகப் பெண்களுக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைக்காததைப் பற்றிப் படம் எடுக்க நினைத்தார், பிரசாரமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று நகைச்சுவையாக மாற்றினார். 1980-ல் வந்த 'நைன் டு ஃபைவ்' அதுதான், சக்கைப்போடு போட்டது.

கேசட்டைப் பார்க்கும்போது ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. உடம்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று நமக்குச் சொல்கிற இவர், சின்ன வயசிலிருந்து நாற்பதை ஒட்டிய வயசு வரை சாப்பிட்டதை வாந்தியெடுத்துத் தள்ளுகிற நோயோடு வாழ்ந்தவர். பிற்பாடு அவரே வெளிப்படையாகப் பேசினார். அப்பா ஹென்றி ஃபாண்டா பெரிய நடிகர், வீட்டில் ஒட்டாதவர். அம்மா 1950-ல் தற்கொலை செய்துகொண்டார். 12 வயதுப் பிள்ளையிடம் மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள், உண்மை ஒரு சினிமாப் பத்திரிகை வழியாகத் தெரிய வந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தக் கச்சிதமான இடுப்பைப் பார்த்து ஆசைப்பட எனக்கு முடியவில்லை. தினமும் ஒழுங்காகச் செய்தால் மனசு நேராகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நடுவில் சிஎன்என் தொலைக்காட்சியை ஆரம்பித்த டெட் டர்னருடன் கல்யாணம், பதினைந்து வருஷம் சினிமாவே இல்லை, அதையெல்லாம் தாண்டிவிடுகிறேன். 2019-ல் வாஷிங்டன் போய் வெள்ளிக்கிழமைதோறும் பருவநிலைக்காகப் போராட்டம், சிவப்புக் கோட்டோடு ஐந்து முறை கைது. இனி புதுத் துணியே வாங்கமாட்டேன், இந்தக் கோட்டுதான் கடைசி என்றார். 2020 ஊரடங்கில் டிக்டாக்குக்கு வந்து அந்தப் பழைய பயிற்சியைத் திரும்பச் செய்து காட்ட ஆரம்பித்தார். ஆரம்பித்த கையோடு, பயிற்சி சொல்லித்தர இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்கள் பூமிக்காக வாருங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டார். 82 வயசிலும் அதே உண்டியல்!

வாங்கலாமா? முதல் பகுதிக்காக, அந்தக் காலத்து உற்சாகத்துக்காக, தாராளமாக வாங்கலாம். துள்ளி இழுக்கிற இடங்களில் நீங்கள் துள்ளாமல் நின்று இழுங்கள். தரைக்கு ஒரு பாய் போதும். ஜன்னல் திரையை மட்டும் மூடிக்கொள்ளுங்கள், மூன்றாவது நாள் நீங்களும் கூடச் சேர்ந்து கத்துவீர்கள்.